இமயமலையில் ஒரு 'குட்டி லாசா': நாட்டை இழந்த திபெத்தியர்கள் பண்பாட்டைக் காப்பாற்றியது எப்படி? முழு விவரம்

பௌர்ணமிக்கு திருவண்ணாமலை கிரிவலம் போனவர்களுக்கு அடி அண்ணாமலையைத் தெரியாமல் இருக்காது. 14 கிலோமீட்டர் பாதையில், மலைக்கு மேற்குப் பக்கம் இருக்கிற ஊர். ஆதி அருணாச்சலேஸ்வரர் கோயில் இங்கேதான் இருக்கு. மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, வாயில் நாமம் சொல்லியபடியே கூட்டம் இந்த ஊரைக் கடந்து போகும்.

இங்கிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே, இமாச்சலப் பிரதேசத்தின் தர்மசாலாவிலும் கிட்டத்தட்ட இதே காட்சியைப் பார்க்கலாம். தலாய் லாமாவின் கோயிலும் இல்லமும் இருக்கும் குன்றைச் சுற்றி, கையில் மணிச்சக்கரத்தை உருட்டியபடி, மந்திரம் சொல்லிக்கொண்டு திபெத்திய முதியவர்கள் வலம் வருகிறார்கள். இந்த வலத்துக்கு திபெத்திய மொழியில் 'கோரா' என்று பெயர்.

ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கு. அண்ணாமலையாரைச் சுற்றுபவர்களின் மலை அங்கேயே இருக்கிறது. திபெத்தியர்கள் சுற்றி வந்த லாசா நகரமோ இப்போது அவர்கள் போக முடியாத இடத்தில் இருக்கிறது. அங்கே இருந்த 'லிங்கோர்' என்ற சுற்றுப்பாதையின் பெயரையே வைத்து, வந்த ஊரில் புதிதாக ஒரு பாதையை உண்டாக்கிக்கொண்டார்கள்.

பாதை மட்டுமல்ல. பள்ளிக்கூடம், நாடகக் குழு, வைத்தியசாலை, நூலகம், சிற்பக்கூடம் என்று விட்டு வந்த எல்லாவற்றையும் இந்த மலையில் மறுபடி கட்டினார்கள். இதெல்லாம் எப்படி நடந்தது? இப்போது அதற்கு என்ன ஆபத்து? தமிழர்கள் இதை ஏன் கவனிக்க வேண்டும்? பார்க்கலாம்.

1959-ல் என்ன நடந்தது?

சீனப் படைகள் 1950-ல் திபெத்துக்குள் நுழைந்தன. 1959 மார்ச்சில் தலைநகர் லாசாவில் மக்கள் கிளர்ச்சி வெடித்தது. மார்ச் 17 இரவு, அப்போது 23 வயதான 14-வது தலாய் லாமா, சாதாரண சிப்பாய் வேடத்தில் நோர்புலிங்கா அரண்மனையிலிருந்து வெளியேறினார். மலைகளைக் கடந்து மார்ச் 31-ம் தேதி இன்றைய அருணாச்சலப் பிரதேசத்தின் தவாங் பகுதி வழியாக இந்திய எல்லைக்குள் வந்தார். பிரதமர் நேரு அடைக்கலம் கொடுத்தார்.

அவரைப் பின்தொடர்ந்து சுமார் 80,000 திபெத்தியர்கள் வந்து சேர்ந்தார்கள். குளிர் தேசத்தில் வாழ்ந்தவர்கள், அசாம் வெயிலிலும் மழையிலும் மூங்கில் குடிசை முகாம்களில் தங்க வேண்டியிருந்தது. பலர் நோயில் இறந்தார்கள். பிழைத்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் இமயமலைப் பகுதியில் சாலை போடும் வேலைக்குப் போனார்கள். மண்டபம் முகாமில் வந்திறங்கிய ஈழத் தமிழர்களின் ஆரம்ப நாட்களை அறிந்தவர்களுக்கு இந்த நிலைமையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஏன் தர்மசாலா?

இதற்குப் பின்னால் ஒரு நிலநடுக்கமும் ஒரு மளிகைக் கடையும் இருக்கு!

தர்மசாலாவின் மேல் பகுதிதான் மெக்லியோட் கஞ்ச். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர், அதாவது ஏறக்குறைய நம்ம கொடைக்கானல் உயரம். ஆங்கிலேயர்கள் வெயிலுக்கு ஒதுங்க உருவாக்கிய மலைவாசஸ்தலம் இது. 1905 ஏப்ரல் 4-ம் தேதி காங்க்ரா பள்ளத்தாக்கைத் தாக்கிய பெரும் நிலநடுக்கத்தில் சுமார் 20,000 பேர் இறந்தார்கள். அத்தோடு இந்த ஊரின் பெருமையும் போனது. சுதந்திரத்துக்குப் பின் மிச்சமிருந்த ஆங்கிலேயர்களும் கிளம்பிவிட, பங்களாக்கள் காலியாகக் கிடந்தன.

அங்கே 1860 முதல் கடை நடத்திவந்த நவ்ரோஜி என்ற பார்சி குடும்பம்தான், தலாய் லாமாவைத் தங்கவைக்க இடம் தேடிய அரசுக்கு இந்த ஊரைப் பற்றிச் சொன்னது. முசோரியில் ஓராண்டு தங்கியிருந்த தலாய் லாமா, 1960 ஏப்ரல் 30-ம் தேதி தர்மசாலாவுக்கு வந்தார். யாருக்கும் வேண்டாத பேய் ஊராகக் கிடந்த இடம், அன்றிலிருந்து நாடு கடந்த திபெத்தியர்களின் தலைநகரம் ஆனது.

முதலில் எதைக் கட்டினார்கள்?

சோற்றுக்கும் தங்குமிடத்துக்கும் திண்டாடிய அந்த நேரத்தில் தொடங்கப்பட்ட அமைப்புகளின் வரிசையைப் பாருங்கள்.

நாடகக் குழு: 1959-ல், இந்தியாவுக்கு வந்து ஒரு சில மாதங்களிலேயே, மேற்கு வங்கத்தின் கலிம்பொங்கில் இசை, நடன, நாடகச் சங்கம் தொடங்கப்பட்டது. தர்மசாலாவுக்கு தலாய் லாமா வருவதற்கு முன்பே இது நடந்துவிட்டது! பிறகு மெக்லியோட் கஞ்சுக்கு மாறிய இது, இன்று 'டிபா' என்று அழைக்கப்படும் திபெத்திய நிகழ்த்துகலை நிறுவனம். 'ஆச்சே லாமோ' என்ற பாட்டு நாடகம்தான் இதன் உயிர். திறந்தவெளியில், முகமூடி போட்டு, பாடி ஆடி, பகல் முழுக்க நடக்கும் கலை அது. திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தை நினைத்துக்கொண்டால் ஓரளவு புரியும்.

பள்ளிக்கூடம்: 1960 மார்ச்சில் முசோரியில் முதல் திபெத்தியப் பள்ளி திறக்கப்பட்டது. அதே ஆண்டு மே 17-ம் தேதி, ஜம்முவின் சாலைப்பணி முகாம்களிலிருந்து 51 குழந்தைகள் தர்மசாலாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். நோயும் பட்டினியுமாக வந்த அந்தக் குழந்தைகளைத் தலாய் லாமாவின் அக்கா செரிங் டோல்மா ஏற்றுக்கொண்டார். 1964-ல் அவர் இறந்த பிறகு, தங்கை ஜெட்சுன் பெமா பொறுப்பேற்று 2006 வரை நடத்தினார். அதுதான் 'திபெத்தியக் குழந்தைகள் கிராமம்'. இன்று இந்தியாவின் பல இடங்களில் இதற்குக் கிளைகள் உண்டு.

வைத்தியம்: லாசாவில் 1916 முதல் இயங்கிய 'மென்-சீ-காங்' என்ற மருத்துவ, சோதிட நிறுவனத்தை 1961-ல் தர்மசாலாவில் மீண்டும் தொடங்கினார்கள். நாடி பார்ப்பது, மூலிகை மருந்து என்று நம்ம சித்த வைத்தியத்தை நினைவுபடுத்தும் முறை இது.

நூலகம்: முதுகில் கட்டிச் சுமந்துவந்த ஏடுகளைச் சேர்த்துவைக்க 1970-ல் திபெத்திய நூலகமும் ஆவணக் காப்பகமும் உருவாயின.

கைத்தொழில்: 1988-ல், தர்மசாலாவுக்குக் கீழே சித்பூரில் 'நோர்புலிங்கா' நிறுவனம் தொடங்கப்பட்டது. தலாய் லாமா விட்டு வந்த அரண்மனையின் பெயர்தான் இதற்கும். 'தங்கா' என்ற துணி ஓவியம், உலோகச் சிலை, மரச்செதுக்கு ஆகியவற்றில் ஆசான்கள் இளைஞர்களுக்குப் பல ஆண்டுப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

சாப்பாட்டுக்கே வழியில்லாதபோது நாடகம் எதற்கு?

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் அடி அண்ணாமலையிலிருந்தே கிடைக்கிறது.

அடி அண்ணாமலையில் மாணிக்கவாசகருக்குத் தனிக் கோயில் இருக்கு. அவர் திருவெம்பாவை பாடியது இந்த இடத்தில்தான் என்பது நம்பிக்கை. அந்தத் திருவெம்பாவை கடல் தாண்டித் தாய்லாந்து வரை போனது. பாங்காக்கில் அரசவைப் பிராமணர்கள் நடத்தும் சடங்கின் பெயரே 'திரியம்பாவாய்'. அதில் தமிழ்ப் பாடல்கள் ஓதப்படுகின்றன. ஆனால் ஓதுகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது. தலைமுறை தலைமுறையாக வந்ததில் உச்சரிப்பு திரிந்துவிட்டது. ஓசை தங்கிவிட்டது, பொருள் போய்விட்டது.

ஊரை விட்டுப் போன ஒரு பண்பாட்டுக்கு இப்படித்தான் நடக்கும். அது ஒரே நாளில் செத்துப்போவதில்லை. முதலில் பேச்சு போகும். பிறகு பாட்டின் அர்த்தம் போகும். கடைசியில் விசேஷ நாளில் செய்கிற சடங்காக மட்டும் நிற்கும்.

திபெத்தியத் தலைவர்களின் கணக்கு இதுதான். ஆச்சே லாமோ கலைஞர்களின் நினைவில்தான் பாட்டும் ஆட்டமும் இருந்தன. தெரிந்தவர்கள் சாலை வேலையில் செத்துவிட்டால் யாரிடம் கற்பது? வீட்டைப் பத்து வருடம் கழித்துக்கூட கட்டிக்கொள்ளலாம். அந்தக் கலையை அப்படித் தள்ளிப்போட முடியாது. அதனால்தான் கூரைக்கு முன்னாலேயே கூத்துக்கு ஏற்பாடு செய்தார்கள்.

இதனால் இந்தியாவுக்கு என்ன கிடைத்தது?

நிறையவே கிடைத்திருக்கிறது. இந்தியாவில் எழுதப்பட்டு, இங்கேயே தொலைந்துபோன பல பௌத்த சமஸ்கிருத நூல்கள் திபெத்திய மொழிபெயர்ப்பில் மட்டுமே பிழைத்திருக்கின்றன.

நமக்கு நெருக்கமான ஒரு உதாரணம்: காஞ்சிபுரம் பக்கம் பிறந்தவர் என்று சொல்லப்படும் திக்நாகர், இந்தியத் தர்க்கவியலின் பெரும் ஆசான்களில் ஒருவர். அவருடைய முக்கிய நூலான 'பிரமாண சமுச்சயம்' முழுமையாகக் கிடைப்பது திபெத்திய மொழியில்தான். காஞ்சியின் அறிவு கைலாயத்துக்கு அப்பால் போய், அங்கே பாதுகாக்கப்பட்டு, அகதிகளோடு திரும்பி வந்திருக்கிறது. வாரணாசி அருகே சாரநாத்தில் 1967-ல் தொடங்கப்பட்ட திபெத்திய உயர்கல்வி நிறுவனம், இப்படிப்பட்ட நூல்களை மீண்டும் சமஸ்கிருதத்துக்குக் கொண்டுவரும் வேலையையும் செய்கிறது.

எல்லாத் திபெத்தியர்களும் தர்மசாலாவிலா இருக்கிறார்கள்?

இல்லை. பெரும் குடியிருப்புகள் நமக்குப் பக்கத்திலேயே, கர்நாடகாவில் இருக்கின்றன. மைசூர் மாநில அரசு பைலகுப்பேயில் சுமார் 3,000 ஏக்கர் கொடுத்தது. பிறகு முண்ட்கோட், ஹுன்சூர், சத்தியமங்கலம் காட்டைத் தாண்டினால் வரும் கொள்ளேகால் பகுதி ஆகிய இடங்களிலும் குடியேற்றினார்கள். லாசாவின் புகழ்பெற்ற செரா மடம் இன்று பைலகுப்பேயில் இயங்குகிறது. டிரெபுங், கான்டென் மடங்கள் முண்ட்கோட்டில் இருக்கின்றன.

தமிழ்நாட்டுக்காரர்கள் இவர்களை வேறு மாதிரி பார்த்திருப்போம். ஊட்டியில் திபெத்தியன் மார்க்கெட் உண்டு. குளிர்காலம் வந்தால் நம்ம ஊர்களில் ஸ்வெட்டர் கடை போடுகிறவர்களும் இவர்கள்தான். விவசாய வருமானம் போதாத குடும்பங்களுக்கு இந்த ஸ்வெட்டர் சீசன்தான் கை கொடுத்தது.

வேறு நாடுகளில் இப்படி உண்டா?

உண்டு. நல்ல உதாரணம் உக்ரைனியர்கள். அமெரிக்காவில் 1894-ல் தொடங்கப்பட்ட 'உக்ரைனிய தேசிய சங்கம்', 1952-ல் நியூயார்க் மாநிலத்தின் கெர்ஹாங்க்சன் ஊரில், மலைச்சரிவில் இருந்த ஒரு பழைய விடுதியை விலைக்கு வாங்கியது. 'சோயூஸ்' என்றால் சங்கம். அதிலிருந்து அந்த இடத்துக்கு 'சோயூசிவ்கா' என்று பெயர் வந்தது.

அப்போது உக்ரைன் சோவியத் ஆட்சியில் இருந்தது. அங்கே ரஷ்ய மொழிக்குத்தான் முதல் மரியாதை. இரண்டாம் உலகப் போரில் வீடிழந்து அமெரிக்கா போனவர்கள், தங்கள் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் இந்த மலைக்கு அனுப்பினார்கள். நடனப் பயிற்சி, முட்டையில் வண்ணம் தீட்டும் கலை, பாட்டு, விளையாட்டு, பேச்சு எல்லாமே உக்ரைனிய மொழியில் நடந்தன. பள்ளி ஆண்டு முழுக்க ஆங்கிலம் பேசிய பிள்ளைகளுக்கு, சொந்த மொழியில் நண்பர்களும் வேடிக்கையும் கிடைத்த இடம் அதுதான்.

1991-ல் உக்ரைன் தனி நாடானது. காத்து வைத்ததைத் திருப்பிக் கொடுக்க அவர்களுக்கு ஒரு தாயகம் கிடைத்தது. திபெத்தியர்களுக்கு அந்த நாள் இன்னும் வரவில்லை.

சரி, இப்போது என்ன சிக்கல்?

சிக்கல் நான்கு பக்கத்திலிருந்தும் வருகிறது.

ஒன்று, புதிதாக யாரும் வருவதில்லை. 2008 வரை ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்டவர்கள் இமயமலையைக் கடந்து வந்துகொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு திபெத்தில் நடந்த போராட்டங்களுக்குப் பிறகு சீனா எல்லையை இறுக்கியது. இப்போது வருவோரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இரண்டு, இருப்பவர்கள் கிளம்புகிறார்கள். 2009-ல் நாடு கடந்த திபெத்திய நிர்வாகம் எடுத்த கணக்கின்படி, திபெத்துக்கு வெளியே இருந்தவர்கள் 1,27,935 பேர். அதில் இந்தியாவில் மட்டும் 94,203 பேர். அதற்குப் பிறகு இந்தியாவில் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. படித்த இளைஞர்கள் அமெரிக்கா, கனடா, ஐரோப்பா போகிறார்கள். பிள்ளைகள் இல்லாமல் சில பள்ளிகளை மூடவும், வேறு பள்ளியோடு சேர்க்கவும் வேண்டியதாகிவிட்டது.

மூன்று, சட்டம். 1951-ம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அதனால் திபெத்தியர்கள் சட்டப்படி வெளிநாட்டினர்தான். பதிவுச் சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். நிலம் வாங்குவது, அரசு வேலை எல்லாம் கஷ்டம். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்தியாவில் பிறந்தவர்கள் பிறப்பால் இந்தியக் குடிமக்கள். அவர்களுக்கு பாஸ்போர்ட் கொடுக்க வேண்டும் என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டது. ஆனால் 'இந்தியக் குடியுரிமை வாங்கினால் திபெத்துக்கான உரிமையை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ' என்ற தயக்கம் அவர்களில் பலருக்கு இருக்கு.

நான்கு, தாயகத்திலேயே மொழிக்கு நெருக்கடி. திபெத்தில் சுமார் 10 லட்சம் குழந்தைகள் அரசு உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டு, சீன மொழியில் படிக்க வைக்கப்படுகிறார்கள் என்று ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் 2023 பிப்ரவரியில் கவலை தெரிவித்தார்கள். சீனா இதை மறுக்கிறது. நிபுணர்கள் சொல்வது போலவே நிலைமை போனால், தர்மசாலாவில் இருப்பது வெறும் நகலாக இருக்காது. கடைசிப் பிரதியாகிவிடும்.

தலாய் லாமாவுக்குப் பிறகு?

இந்த எல்லா அமைப்புகளையும் கட்டி நிறுத்தும் தூண் தலாய் லாமா. அவருக்கு 2025 ஜூலை 6-ம் தேதி 90 வயது ஆனது. அதற்கு நான்கு நாள் முன்பு, தலாய் லாமா என்ற பீடம் தனக்குப் பிறகும் தொடரும் என்றும், அடுத்தவரை அடையாளம் காணும் பொறுப்பு தன் அறக்கட்டளைக்கே உண்டு என்றும் அறிவித்தார். தங்கள் ஒப்புதல் வேண்டும் என்கிறது சீனா. நாளை இரண்டு தலாய் லாமாக்கள் அறிவிக்கப்படும் சூழல்கூட வரலாம்.

இதை எதிர்பார்த்துத்தான் 2011-லேயே அவர் அரசியல் அதிகாரத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரிடம் ஒப்படைத்தார். பல நாடுகளில் சிதறியிருக்கும் திபெத்தியர்கள் ஓட்டுப் போட்டு, 45 பேர் கொண்ட நாடாளுமன்றத்தையும் தலைவரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு மனிதர் போனாலும் அமைப்பு நிற்க வேண்டும் என்பதுதான் திட்டம்.

தமிழர்களுக்கு இதில் என்ன இருக்கு?

1983-க்குப் பிறகு ஈழத் தமிழர்களும் உலகம் முழுக்கச் சிதறினார்கள். டொரோன்டோவிலும் லண்டனிலும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த இழப்புக்குப் பின்னால் வந்த தலைமுறை, 2005-ல் 'நூலகம்' என்ற இணைய நூலகத்தைத் தொடங்கியது. இன்று ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் யார் வேண்டுமானாலும் செல்போனிலேயே இலவசமாகப் படிக்கலாம்.

ஏட்டைக் காக்க இணையம் போதும். ஆனால் பேச்சையும் ஆட்டத்தையும் காக்க ஆட்கள் ஒன்றாக இருக்க ஓர் இடம் வேண்டும். வாரத்துக்கு இரண்டு மணி நேர வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொள்ளலாம். சண்டை போடவும் கேலி பேசவும் அந்த மொழி வர வேண்டும் என்றால், அதே மொழி பேசும் பிள்ளைகளோடு நாள் கணக்கில் சேர்ந்து இருக்க வேண்டும். தர்மசாலாவின் விடுதிகளும் சோயூசிவ்காவின் கோடை முகாம்களும் கொடுத்தது அதைத்தான். புலம்பெயர் தமிழ் அமைப்புகள் மாநாடுகளுக்கும் விழாக்களுக்கும் மண்டபம் பிடிக்கின்றன. பிள்ளைகள் வருடாவருடம் திரும்பிப் போகிற மாதிரி சொந்தமாக ஓர் இடம் வாங்குவது பற்றியும் அவை யோசிக்கலாம்.

ஒரே பார்வையில்

1959 மார்ச் 31: தலாய் லாமா இந்தியாவுக்குள் வந்தார். அதே ஆண்டில் நாடகக் குழு தொடக்கம்.

1960: தர்மசாலா தலைமையிடம் ஆனது. குழந்தைகள் கிராமம், பைலகுப்பே குடியிருப்பு தொடக்கம்.

1961: மருத்துவ நிறுவனம் மீண்டும் தொடக்கம்.

1970: நூலகமும் ஆவணக் காப்பகமும்.

1988: நோர்புலிங்கா கைத்தொழில் நிறுவனம்.

1989: தலாய் லாமாவுக்கு அமைதிக்கான நோபல் பரிசு.

2011: அரசியல் அதிகாரம் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரிடம் ஒப்படைப்பு.

2025 ஜூலை: தலாய் லாமா பீடம் தொடரும் என்ற அறிவிப்பு.

போக விரும்புகிறவர்களுக்கு

பதான்கோட் வரை ரயிலில் போய், அங்கிருந்து சாலை வழியாக தர்மசாலாவை அடையலாம். காங்க்ரா விமான நிலையமும் பக்கம்தான். கோயிலைச் சுற்றும் கோரா பாதையில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், மதம் தடையில்லை. வலப்பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். கிரிவலம் போய்ப் பழகியவர்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாடகம் பார்க்க வேண்டும் என்றால் 'ஷோட்டோன்' விழா எப்போது என்று விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. 'தயிர் விருந்து' என்று பொருள்படும் அந்த விழாவில்தான் ஆச்சே லாமோ குழுக்கள் நாள் முழுக்க ஆடுகின்றன. ஆடுகிறவர்களில் இளையவர்கள் பலர் திபெத்தைப் பார்த்ததே இல்லை.